நாற்பது கதவுகளும் ஒரு மாத்திரை அட்டையும்

தங்கச் சுரங்கம் மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம்தான் நம் லைன் வீடுகளில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆனது. ஐப்பசிக் காற்றில் தேவசகாயம் வீட்டுக் கூரைத் தகடு பறந்துபோய் சர்ச் காம்பவுண்டுக்குள் விழுந்தது. அவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வந்தான், பிள்ளைகள் பின்னால் ஓடின. உனக்கு அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் பதினோரு நாள் கிடந்தாய். உனக்கு அப்போது எட்டு வயது. உன் அம்மா உயிரோடு இருந்தாள். அந்த வருடம்தான் நான், தேவசகாயம், முனுசாமி மூன்று பேரும் விடிகாலை ரயிலுக்குப் போகிறவர்களை எழுப்பக் கதவு தட்ட ஆரம்பித்தோம். எந்த வருடம் என்று எண்ணில் சொல்ல எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். யார் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த வீட்டில் யார் முதலில் இருமுவார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு கிரேஸ் டீச்சர் எழுதுகிறார். நான் "இன்னா" என்றால் அவர் "என்ன" என்று எழுதிக்கொள்கிறார், ஒருவருக்கொருவர் பேசினதை மட்டும் பேசினபடியே விடுகிறார். எழுதட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "சரி நைனா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நானும் பாதியிலேயே நிறுத்தியதற்குச் சந்தோஷப்படுவேன். அந்த மாதிரி ஆள்தான் நான் என்பது இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். டீச்சரின் மருமகன் நாளைக்கு முதல் வண்டியில் பெங்களூர் வருகிறான், உன் ரூமிலேயே கொண்டுவந்து கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டம் என்றாய். அதற்கு முன்னால் படித்துவிடு. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நீயே அவர்களில் பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை என்கிறாய். அதுவே எனக்குப் புரியவில்லை. முகம் பார்க்காத எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறீர்கள். கம்பெனி இல்லை, மேஸ்திரி இல்லை, சம்பளம் இல்லை. திட்டு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

நீ செய்தது என்ன என்பதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறேன், தப்பு என்றால் டீச்சரின் மருமகனிடம் சொல்லி அனுப்பு. உன்னோடு காலேஜில் படித்த பையனுக்குக் கண் தெரியாது. அவனுக்குப் பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்ட ஆள் இல்லை. எழுத்தின் மேல் போனைக் காட்டினால் போனே சத்தமாகப் படிக்கிற மாதிரி, தமிழிலும் கன்னடத்திலும், ஒன்றைச் செய்து கொடுத்தாய். செய்ததை நீ பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்துவிட்டாய். அப்படி வந்து சேர்ந்தவர்களோடுதான் நீங்கள் எட்டுப் பேர் ஆனீர்கள். இப்போது பஸ் போர்டு படிக்க, பேப்பர் படிக்க, பரீட்சைக்குப் படிக்க என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். இது வரைக்கும் எனக்குப் பெருமைதான். நான் கைநாட்டு. நம் வீட்டுக்கு வரும் கடிதத்தை நீ படித்துக் காட்டுகிற வயது வரும் வரைக்கும் நான் தெருத்தெருவாக எடுத்துக்கொண்டு அலைந்தவன். படித்துக் காட்ட ஒரு ஆள் கையிலேயே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். சோற்றில் கை வைக்கும்போது உனக்குப் போன் வந்தது. கையில் குழம்பு என்று போனைக் கீழே வைத்துச் சத்தமாகப் பேச விட்டாய், அதனால் எனக்கும் கேட்டது. தாவணகெரே பக்கத்தில் இருந்து ஒரு அம்மா, கன்னடத்தில் பேசினாள். அவள் புருஷனுக்குக் கண் போய்விட்டது. அவள் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறாள். மூன்று வேளை மாத்திரை, மூன்றும் ஒரே மாதிரி அட்டை. அவர் தடவிப் பார்த்து எடுக்கிறார், இரண்டு தரம் மாற்றி எடுத்துவிட்டார். உங்கள் போன் புத்தகம் படிக்கிறதே, மாத்திரை அட்டையைப் படிக்கிற மாதிரி செய்து தரக்கூடாதா என்று கேட்டாள். அழவில்லை. அழாமல் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ என்ன சொன்னாய்? "அது நம்ம கெலச அல்ல மேடம்." எங்கள் வேலை இல்லை என்று. எதெல்லாம் செய்யும், எதெல்லாம் செய்யாது என்று முதலிலேயே எழுதிப் போட்டிருக்கிறோம், அதில் மருந்து கூடாது என்று இருக்கிறது, பாருங்கள் என்றாய். கண் போனவன் வீட்டில் எழுதிப் போட்டதைப் பார்க்கச் சொல்கிறானே என்று எனக்குச் சுர்ரென்றது.

"ஏன்டா, ஒரு அட்டைய படிக்கிறதுதானே? மலையவா பேத்தெடுக்கச் சொன்னாங்க?" என்றேன்.

"நைனா, பேப்பர்ல ஒரு எழுத்து தப்பா படிச்சா சிரிச்சிட்டு போயிடுவாங்க. மாத்திரையில ஒரு எழுத்து தப்பா படிச்சா இன்னா ஆவும்?"

"அப்ப சரியா படிக்க வை."

"அட்ட பளபளன்னு இருக்கும், எழுத்து பொடியா இருக்கும், பாதி கிழிஞ்சிருக்கும். எட்டு பேர்ல இப்போ வேல செய்யறது ரெண்டு பேரு. அதுவும் ஆபீஸ் போயிட்டு வந்து செய்யறோம். எங்களால முடியாது நைனா."

"முடியாதுன்னு ஒரு போர்டு எழுதி வெச்சிட்டு, நீ நல்லவன்னு பேரும் வேணுமா?"

நீ போனை எடுத்துக் கை துடைக்காமலே அதில் வந்திருந்ததை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாய். ஒருத்தன், உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எழுதியிருந்தான். இன்னொருத்தன், ஒரு வேலையை எடுத்தால் முழுசாகச் செய், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போ என்று எழுதியிருந்தான். நான் கேட்டேன்: "இவன் உனக்கு இன்னா குடுத்தான்?" "ஒண்ணும் குடுக்கல." "அப்புறம் எந்த உரிமையில திட்றான்?" "அதான் நைனா நானும் சொல்றேன்." அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். உன் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி எனக்கே தோன்ற ஆரம்பித்தது, அதனால்தான் சத்தத்தை ஏற்றினேன். "நாங்க மூணு பேரு. படிக்காதவனுங்க. நாப்பது வீட்ட தினம் எழுப்பினோம். இந்த வாயால ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லல. நீ எட்டு பேர வெச்சிகினு போர்டு எழுதற." நீ பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு மூன்றரை வண்டிக்குப் போய்விட்டாய்.

போன வெள்ளிக்கிழமை நீயே கூப்பிட்டாய். "நீங்க சொன்னத யோசிச்சேன் நைனா. நீங்க சொன்னதுதான் சரி. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கூட்டத்துல அந்த போர்ட எடுத்துடலாம்னு சொல்லப்போறேன். மாத்திரையும் செய்வோம். உங்க நாப்பது வீட்டு கதைய எல்லாருக்கும் எழுதி அனுப்பினேன், எல்லாருக்கும் புடிச்சிருந்தது" என்றாய். எனக்கு ஒரு முழ உயரம் கூடிவிட்டது. சனிக்கிழமை டீக்கடையில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சொன்னேன். திங்கட்கிழமை சொல்லும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை டீக்கடைப் பக்கமே போகவில்லை. நாற்பது வீடு என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதற்கு மேல் ஒரு வீட்டை நான் சொல்லாமல் விட்டேன். இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. நீ ஒரு பெரிய வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளப் போவது ஓட்டை விழுந்த கதையைக் கேட்டு. அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

சுரங்கம் மூடினபோது எங்களுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வயதில் சின்னவர்கள் எல்லாரும் பெங்களூருக்கு ரயிலில் போய் வர ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன், கட்டட வேலை, கார்மெண்ட்ஸ் என்று கிடைத்தது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் முப்பது வருடம் முதல் ஷிப்டுக்கு எழுந்த உடம்பு, சங்கு ஊதாவிட்டாலும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். நான், தேவசகாயம், முனுசாமி, மூன்று பேரும் வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து பீடி பிடிப்போம், போவதற்கு இடம் இல்லாமல். தேவசகாயத்தின் அக்காள் மகன் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டான் என்று ஒரு நாள் இவன் போய் அவன் கதவைத் தட்டினான். பக்கத்து வீட்டுக்காரனும் எழுந்து வந்து, "அப்படியே நம்ம கதவையும் ஒரு தட்டு தட்டிடுங்கண்ணா" என்றான். அவ்வளவுதான் ஆரம்பம். யாரும் தீர்மானம் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நாலு கதவைத் தட்டினால் என்ன என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால், தட்டினதும் உள்ளே இருந்து "எழுந்துட்டேன்" என்று ஒரு குரல் வருமே, அதைக் கேட்கத்தான் போனோம்.

நாலு, பத்தாச்சு. பத்து, இருபதாச்சு. பக்கத்து லைனில் இருந்து வந்து கேட்டார்கள். ஒருத்தன், "எனக்கு மட்டும் பத்து நிமிஷம் கழிச்சி தட்டுங்க, ஓடி புடிச்சிடுவேன்" என்றான். ஒருத்தி, "என் வீட்டுக்காரரு ஒரு தட்டுக்கு எழ மாட்டாரு, எழுந்து கால கீழ வெக்கிற வரைக்கும் நில்லுங்க" என்றாள். மழை வந்தால் குடை எடுக்கச் சொல்ல வேண்டும். வண்டி லேட்டா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு வந்துதான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வீணாம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மற்ற இரண்டு பேரிடமும் கேட்காமலே ஆட்டினேன். திட்டும் வந்தது. ஒரு நாள் ஒருத்தன் லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்து, "எனக்கு இன்னிக்கி லீவு, ஏன் தட்னீங்க? தூக்கமே போச்சு" என்று கத்தினான். தேவசகாயம் நிதானமாக, "உன் லீவு லெட்டர என்கிட்ட குடுத்தியாடா?" என்றான். தெருவே சிரித்தது. ஆனால் அடுத்த வாரத்தில் இருந்து லீவு எடுக்கிறவர்கள் எல்லாரும் எங்களிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அதையும் நாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

முனுசாமி என்ன வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியுமா? ஷாஃப்டில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற கேஜுக்கு, அந்த இரும்புக் கூண்டுக்கு, மணி அடிக்கிறவன். ஆட்கள் கேஜில் ஏறினதும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மணியைத் தொடுவான். ஒரு தலை கூடுதலாக இருந்தால் இறக்கிவிடுவான். ஒரு நாள் என்னையே இறக்கினான், உன் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று நான் மேலே போக அவசரப்பட்ட நாளில். கும்பிட்டேன். "அடுத்த கேஜில வா" என்று சொல்லி மணியை அடித்துவிட்டான். அவன்தான் ஒரு நாள் குழாயடியில் சொன்னான்: ஒரு பலகையில் எழுதி வைப்போம், இந்த இந்த வீடு, இந்த நேரம், ஒரு தட்டுதான், விட்டுப்போனால் எங்களைக் கேட்காதே, நீயும் ஒரு கடிகாரம் வைத்துக்கொள் என்று. நான் சிரித்தேன். "நம்ம ஜனங்களுக்கு போர்டாடா? இது இன்னா கம்பெனியா?" என்றேன். "கேஜ் கயித்துக்கு நீ யாரு, உன் பொண்டாட்டிக்கு இன்னா வலின்னு தெரியாது. அதுக்கு எத்தன பேருன்னுதான் தெரியும்" என்றான். "இது கேஜ் இல்ல முனுசாமி, கதவு" என்றேன். தேவசகாயமும் என் பக்கம் சேர்ந்துகொண்டான். பலகை வரவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பலகைமேல் கோபமோ என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

இரண்டாவது வருடம் ஆடி மாதம். தேவசகாயம் தன் மகளின் பிரசவத்துக்கு வேலூர் போயிருந்தான். முனுசாமிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. "ரெண்டு நாளைக்கி நானும் அவனும் தட்டற வீடுங்கள விட்டுடு, போய் சொல்லிடு" என்று அவன் சொன்னான். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நாற்பதையும் நானே தட்டுகிறேன் என்று எனக்குள்ளே ஒரு கித்தாப்பு. அன்றைக்குச் சாயங்காலம் ராஜம்மாள் வந்தாள். மண்மேட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த வீடு அவளுடையது, புருஷன் இல்லை, ஒரே மகள். "அண்ணா, பாப்பாவுக்கு நர்ஸ் படிப்புக்கு நாளைக்கி காலையில வரச் சொல்லி கீறாங்க. நாளைக்கி ஒரு நாள் மட்டும் நம்ம வீட்டையும் தட்டறீங்களா? இல்ல, பக்கத்து வீட்டுல கடிகாரம் கேட்டு வாங்கி வெச்சிக்கட்டுமா?" என்றாள்.

அதற்கு நான் சொன்னதை டீச்சர் அப்படியே எழுதட்டும், மாற்ற வேண்டாம். "கடிகாரம் எதுக்கு? நான் எதுக்கு கீறேன்?"

மறுநாள் மழை. மூன்று லைனையும் நான் ஒருத்தனே சுற்றினேன். கடைசி லைனில், கால் கீழே வைக்கிற வரைக்கும் நான் நின்று எழுப்ப வேண்டிய ஒருத்தன் எழவே இல்லை, நான் தட்டிக்கொண்டே நின்றேன். வண்டி சாம்பியன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற ஊதல் கேட்டது. அப்போதுதான் ராஜம்மாள் ஞாபகம் வந்தது. ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை, வண்டி போய்விட்டது. தட்டினேன். ராஜம்மாள் கதவைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே வெளுத்திருந்த வானத்தைப் பார்த்தாள். உள்ளே நாற்காலியில் அந்தப் பெண்ணின் தாவணியும் சட்டையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது, மேலே ரிப்பன். அடுத்த வண்டியில் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்களாம். அடுத்த வருடம் வா என்றார்களாம். அடுத்த வருடம் ராஜம்மாளுக்கு உடம்பு முடியாமல் போய், அந்தப் பெண் கார்மெண்ட்ஸுக்குப் போனாள். அதே முதல் வண்டியில்.

ராஜம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் அவள் வீட்டில் கடிகாரம் அடித்தது, மண்மேட்டைத் தாண்டி நம் லைன் வரைக்கும் கேட்டது. நான் அன்றைக்குத் தட்டப் போகவில்லை. முனுசாமி காய்ச்சல் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒன்பது பேர் வண்டியை விட்டார்கள். அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் முனுசாமி கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நாற்பது வீட்டுக்கும் போய், "திங்கட்கெழமையில இருந்து யாரும் தட்ட மாட்டோம், கடிகாரம் வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். எல்லாருடைய திட்டையும் அவன் வாங்கினான். என்னிடம் வந்து, "நீ ஆரம்பத்துலயும் சொல்லல, முடிவுலயும் சொல்லல" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. இதுதான் உன் நைனாவின் நாற்பது வீட்டுக் கதை.

இதைச் சொல்லிவிட்டேன் என்பதால் எனக்குத் தெளிந்துவிட்டது என்று நினைக்காதே. இன்னும் குழம்பித்தான் போயிருக்கிறேன். நீ இல்லை என்று சொன்னால் அந்தத் தாவணகெரே ஆள் நாளைக்கும் தடவிப் பார்த்துத்தான் மாத்திரை எடுப்பான். நீ சரி என்று சொன்னால் அவன் தடவிப் பார்ப்பதை விட்டுவிடுவான், அவன் பெண்சாதி பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பதை விட்டுவிடுவாள், பிறகு ஒரு நாள் உன் போன் ஒரு எழுத்தை மாற்றிப் படிக்கும். யாருமே தட்டாத கதவும் நான் தட்ட மறந்த கதவும் ஒன்றா? வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் மூடின கதவுதான். ஆனால் முதல் வீட்டில் கடிகாரம் இருக்கும். இது வரைக்கும் யோசிக்க முடிகிறது. அதற்கு மேல் போனால், இரண்டு வருடம் நாற்பது வீட்டுக்காரர்கள் நேரத்துக்கு வேலைக்குப் போனார்களே, பிள்ளைகள் சாப்பிட்டார்களே, அது ஒன்றும் இல்லையா என்று இன்னொரு பக்கம் இழுக்கிறது. முதலிலேயே முனுசாமி சொன்ன பலகையை வைத்திருந்தால் ஜனங்கள் எங்களை வெறுத்திருப்பார்களா? நாலு நாள் முணுமுணுத்துவிட்டுக் கடிகாரம் வாங்கியிருப்பார்களா? தெரியவில்லை. அதனால்தான் நேற்று வியாழக்கிழமை, கேட்க வேண்டிய இடத்துக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று ஷேர் ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருக்கிற கோரமண்டலுக்குப் போனேன்.

ராஜம்மாள் மகள் அங்கேதான் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். கார்மெண்ட்ஸை விட்டுவிட்டு வீட்டிலேயே தைக்கிறாள். இத்தனை வருடத்தில் நான் அந்த வாசலை மிதித்ததில்லை. என்னைப் பார்த்ததும் மெஷினில் இருந்து காலை எடுக்காமல், "இன்னா மாமா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகச் சொன்னேன், அந்தக் காலையில் நான் மறந்துவிட்டேன் என்று. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள்.

"மறந்தது எனக்கு எப்பவோ போச்சு மாமா. நானும்தான் அடுப்புல பால வெச்சி மறக்கறேன். அம்மா கடிகாரம் வெக்கட்டுமான்னு கேட்டாங்க இல்ல? வேணாம்னீங்களே. அதுதான் ரொம்ப நாளு இங்க நின்னுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை, தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அன்னிக்கி நான் முடியாதும்மா, நாப்பது வீடு ஆயிடுச்சின்னு சொல்லி இருந்தா?"

"பெரிய மனுஷன் ஒரு கதவு தட்ட மாட்டேன்ட்டாருன்னு அம்மா ஒரு வாரம் திட்டி இருப்பாங்க. நான் நர்ஸாயி உங்களுக்கு ஊசி போட்டிருப்பேன்."

உன் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை அட்டை, தாவணகெரே, போர்டு எல்லாம். அவளுக்கும் முழுசாகப் புரியவில்லை, எனக்கே புரியாததை நான் எப்படிப் புரியவைப்பது. ஆனால் மாத்திரை என்றதும் எழுந்து உள்ளே போய் மூன்று துணிப் பைகளை எடுத்துவந்தாள், கையகலம் இருக்கும். ராஜம்மாளுக்குக் கடைசியில் பார்வை மங்கிவிட்டதாம். இவள் தைத்ததைக் கொடுத்துவிட்டு வர வெளியே போக வேண்டும். அதனால் ஒரு பையின் மேல் ஒரு பித்தான் தைத்தாளாம், ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. காலை மாத்திரை ஒரு பித்தான், மத்தியானம் இரண்டு, ராத்திரி மூன்று. போகும்போது போட்டு வைத்துவிட்டுப் போவாளாம். "விரலுக்குத் தெரியும் மாமா. படிக்கவே வேணாம்" என்றாள். என் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். தெரிந்தது. "அந்தம்மாவுக்கு இத அனுப்பச் சொல்லுங்க உங்க பையன. முடியாதுன்னு சொல்றவரு, வேற எப்படி செய்யலாம்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள்.

எனக்கு அப்படியே உடம்பில் தெம்பு வந்துவிட்டது. "பாப்பா, இந்த மாதிரி கண்ணு தெரியாதவங்க எவ்ளோ பேரு கீறாங்க, எல்லாருக்கும் நீ தெச்சி குடுத்தீன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "மாமா. மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. மூணு பை. அவ்ளோதான்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கே சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்தவன் ஒரு மாதிரி பார்த்தான். எழுபது தாண்டின பிறகும் கையை நீட்டினால் யார் தலையிலாவது நாற்பது கதவை ஏற்றிவிடுகிறவனாகத்தான் இருக்கிறேன்.

பைகளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் விலாசத்தைக் கேட்டு நீயே அனுப்பு. அவளோடு பேசும்போது கையைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துப் பேசு. ஞாயிற்றுக்கிழமை நீ போர்டை எடுப்பாயோ வைப்பாயோ, அதை நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. நான் அன்றைக்குச் சோற்றின் முன்னால் உன்னைச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அது மட்டும் நிச்சயம். எனக்காக எதையும் சேர்க்காதே. உங்களால் உண்மையாகவே முடியும் என்று வேலை செய்கிற நீங்கள் இரண்டு பேரும் நினைத்தால் செய்யுங்கள். முடியாவிட்டால், கேட்டவன் கடிகாரம் வாங்குவதற்கு நேரம் இருக்கும்போதே முடியாது என்று சொல்லுங்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றினாலும், போர்த்திக்கொண்டு படுத்துவிடாதே. சுவரைப் பிடித்துக்கொண்டாவது போய்ச் சொல்லிவிட்டு விடு.

இன்னொன்று. என் நாற்பது வீட்டுக் கதையை அத்தனை பேருக்கும் எழுதி அனுப்பினாய் அல்லவா, அதைத் திருத்தி அனுப்பு. பாதிக் கதையை நம்பி முகம் தெரியாத எட்டுப் பேர் ஒரு முடிவு எடுக்கக் கூடாது. நான் இப்போது சொன்னதும் சரிதானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்தால், வர வேண்டியதுதான், விசாரிக்கச் சொல். தேவசகாயத்திடம் கேட்க முடியாது, மகள் வீட்டில் வேலூரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். முனுசாமியின் மூச்சு நின்று நாலு வருடம் ஆகிறது, நெஞ்சில் சுரங்கத்துத் தூசி. ராஜம்மாள் போய்விட்டாள், உன் அம்மாவும் போய்விட்டாள். நான் இருக்கிறேன், ஆனால் என்னைக் கேட்டால் எந்த வீட்டையாவது விட்டுவிட்டுச் சொல்வேன். அந்தக் காலையை விடாமல் சொல்ல உயிரோடு இருப்பது ஒருத்திதான். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் தையல்காரம்மா வீட்டைக் காட்டுவார்கள். அவள் பெயர் ஜெயமணி.